எத்தனை நாள் அவகாசம்?

இதில் வரும் கிழமைகளும் நேரங்களும் என் டைரியில் உள்ளவை. தேதிகளை வேண்டுமென்றே எடுத்துவிட்டேன், பெயர்களையும்தான். மட்டாஞ்சேரி சின்ன இடம். தேதியைச் சொன்னால், அன்றைக்கு யார் எந்தக் கரையில் நின்றார்கள் என்று கண்டுபிடித்துவிடக்கூடியவர்கள் இங்கே பத்துப் பேராவது உண்டு.

டீச்சர் என் கடைக்கு முதன்முதலில் வந்தது ஆடி மாதத்துக் கர்க்கடக மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகாலுக்கு. அரிசி மண்டிகளிலிருந்து உள்ளே போகும் சந்தில் எனக்கு ஒரு போட்டோஸ்டாட் கடை இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டர், இரண்டு பிரிண்டர். விண்ணப்பம், அழைப்பிதழ், மரண அறிவிப்பு என்று எதுவானாலும் மலையாளத்திலும் தமிழிலும் அடித்துக் கொடுப்பேன். டீச்சர் பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வீடு போர்ட் கொச்சியில். குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"சேச்சிக்கு தமிழ் அறியாமல்லோ. இதொந்நு தமிழிலாக்கித் தருமோ?"

எனக்குத் தமிழ் தெரியுமே, இதைத் தமிழில் ஆக்கித் தர முடியுமா என்கிறார். மலையாளத்தில் ஒரு பக்க நோட்டீஸ். துறைமுக வாயைத் தாண்டித் தென்மேற்கே கடலுக்கடியில் ஒரு பாறைத் திட்டு இருக்கிறது. மீன்பிடிக்கிறவர்கள் அதைப் பார் என்பார்கள். கலவாவும் விளமீனும் அங்கேதான் முட்டையிடுகின்றன. விசைப்படகுகள் இழுவைமடி போட்டு அந்தப் பாரைச் சுரண்டுகின்றன. அதனால் அதைப் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாக அறிவிக்கச் சொல்லி அரசைக் கேட்போம், எல்லாரும் கூட்டத்துக்கு வாருங்கள் என்று எழுதியிருந்தது. பாரில் தூண்டில் போடுகிறவர்களில் பாதிப்பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அதற்காகத்தான் தமிழ்.

நான் மூன்று கேள்வி கேட்டேன். இதை எழுதியது யார்? 'நாங்கள்' என்று போட்டிருக்கிறதே, அந்த நாங்கள் யார் யார்? அரசுக்குக் கொடுக்கிற மனு எங்கே? முதல் கேள்விக்கு மட்டும் "ஞான் தன்னெ", நானேதான் என்று பதில் வந்தது. மற்ற இரண்டுக்கும் ஒரு சிரிப்பு. அன்று இரவு டைரியில் நான் எழுதியது இரண்டே சொல்: "பின்னால் யார்?"

என் சந்தேகத்துக்கு டீச்சர் காரணமில்லை. இந்தத் துறைமுகத்தின் சரித்திரத்தைக் கிடைத்த புத்தகத்திலெல்லாம் படித்திருக்கிறேன். கப்பலில் வந்தவர்கள் ஒவ்வொருவரும் நம் ராஜாவோடு போட்ட உடன்படிக்கையில் பாதுகாப்பு என்ற சொல் இல்லாமல் இருந்ததில்லை. பாதுகாக்கப்பட்டவரிடம் கடைசியில் என்ன மிஞ்சியது என்பதும் அதே புத்தகங்களில்தான் இருக்கிறது.

ஆனாலும் மொழிபெயர்த்தேன். எங்கள் குடும்பம் நாலு தலைமுறைக்கு முன்னே இங்கே வந்தது. பள்ளியில் மலையாளம்தான். தமிழ் எழுத்தை அம்மா வாரப் பத்திரிகைகளை வைத்துக் கற்றுக்கொடுத்தாள். நிறையப் படிக்கிறேன் என்பதால் நன்றாக எழுதுகிறேன் என்று ஒரு நினைப்பு எனக்கு உண்டு. நோட்டீஸின் கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போட்டேன்: "பாரில் தொழில் செய்பவர்களின் அவகாசம் பாதுகாக்கப்படும்."

டீச்சருக்கு அந்த வரி ரொம்பப் பிடித்துவிட்டது. படிக்கத் தெரியாதவர்களுக்கும் போய்ச் சேரவேண்டும் என்று என் குரலிலேயே போனில் பதிவு செய்துகொண்டார். வெள்ளிக்கிழமை ஒரு ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டி இடக்கொச்சி வரை ஓட்டினார்கள். டீச்சரோடு நானும் பின்சீட்டில் இருந்தேன். முதலில் மலையாளம், பிறகு நான். என் அவகாசம் மழையில் நனைந்துகொண்டே சந்து சந்தாகப் போயிற்று.

காயலோரம் பைபர் வள்ளங்கள் கட்டியிருந்த இடத்தில் இறங்கி நோட்டீஸ் கொடுத்தோம். வாங்கியவர்கள் எத்தனை பேர், மணி என்ன, யார் என்ன கேட்டார்கள் என்று நான் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது மூச்சு விடுவதுபோல. அங்கே நின்றவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை.

"என்ன எழுதுறாங்க?"

"சர்வேயாம்."

"நம்ம பேரா எழுதுது அந்தம்மா?"

"பேரு கேக்கலையே."

"கேக்காம எழுதுறதுதான்டா டேஞ்சர்."

ஒருவர் நோட்டீஸை வாங்கி, படித்து, மடிக்காமல் திருப்பிக் கொடுத்தார். அப்படித் திரும்பி வந்தவை பதினொன்று. மூன்றரைக்கும் நாலேகாலுக்கும் இடையில்.

மறுநாள் சனிக்கிழமை. எங்கள் சந்தில் மீன் விற்கிற பெண் கூடையைக் கடைவாசலில் இறக்கினாள். ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரைக்காரி. அவள் புருஷன் இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து பைபர் வள்ளத்தில் போய் அந்தப் பாரில் தூண்டில் போடுகிறார். அவர் பிடிப்பதில் கொஞ்சத்தை இவள் வீடு வீடாக விற்கிறாள். ஆறு வருஷமாக என்னிடம் "அக்கா, கலவா இருக்கு" என்பதற்கு மேல் பேசியதில்லை. அன்று கூடையைத் திறக்கவில்லை. இடுப்பிலிருந்து நோட்டீஸை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அக்கா, எத்தனை நாளு?"

"எது?"

"அவகாசம். பாதுகாத்துத் தர்றோம்னு போட்டிருக்கே. எத்தனை நாளுன்னு போடலையே."

"நாள் கணக்கெல்லாம் இல்லை. எப்பவும் உண்டு."

"எப்பவுமா? எந்த ஆபீஸ்ல எப்பவும் அவகாசம் குடுத்திருக்கான்?"

"அது ஆபீஸ்காரன் கொடுக்கிறதில்லையம்மா. உங்களோடது. பிறந்ததிலேருந்தே இருக்கிறது."

"ஓ!" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "பொறந்த அன்னைக்கே எங்களுக்குக் கெடு வச்சிட்டீங்களா?"

கெடு என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. தமிழில் அவகாசம் என்றால் கொடுக்கிற நாள், தவணை. ஆயிரம் தடவை இரண்டு பொருளிலும் படித்த சொல். வீட்டில் நாங்கள் பேசும் தமிழில் இரண்டும் கலந்தே கிடக்கும், யாருக்கும் குழப்பம் வராது. இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு வராது, அவ்வளவுதான். 'உங்கள் உரிமையைக் காப்போம்' என்று எழுதுவதாக நினைத்துக்கொண்டு, 'காலி செய்ய நாள் தருவோம்' என்று எழுதி, ஒலிபெருக்கியில் வேறு சொல்லி வந்திருக்கிறேன்.

நான் விளக்கியபோது அவள் சிரிக்கவில்லை.

"நேத்து ஆட்டோ போனதிலேருந்து எங்க வீட்டுக்காரரு சோறு திங்கல. அந்தப் பாரு இல்லைன்னா இங்க எங்களுக்கு என்ன வேலை? ஊர்ல தீவைச் சுத்திப் பாசி எடுத்துக்கிட்டிருந்தேன் அக்கா. ஒரு நாள் போர்டு வச்சான். 'பாதுகாக்கப்பட்ட பகுதி'ன்னு. எதைப் பாதுகாக்கிறான்னு கேட்டா, எங்ககிட்டேருந்துதான்னு சொன்னான். அதுக்கப்புறம்தான் இங்க வந்தோம். இங்கயும் அதே போர்டுன்னா அடுத்தது எங்க போறது?"

"தப்பு என்னோடது. உரிமைன்னு மாத்தி அடிச்சுத் தர்றேன்."

"நீங்க அடிச்சா ஆச்சா? அது எந்தக் கடுதாசியில இருக்கு? அதைக் காட்டுங்க."

கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை நான் டீச்சரிடம் கேட்ட மூன்றாவது கேள்வியைத்தான் அவளும் கேட்டிருந்தாள். எனக்குப் பதில் வராதபோது நான் டைரியில் இரண்டு சொல் எழுதிவிட்டு வேலையைச் செய்தேன். அவள் கூடையைத் திறக்காமல் வியாபாரத்தையே நிறுத்தியிருக்கிறாள்.

அன்றே டீச்சருக்குப் போன் செய்தேன். மனுவின் வரைவு இருக்கிறதா? இருக்கிறது, அனுப்புகிறேன். திங்கள்கிழமை, "அய்யோ மறந்நு". புதன்கிழமை, நெட் கிடைக்கவில்லை. வியாழக்கிழமை போன் எடுக்கவில்லை. ஒவ்வொன்றையும் நேரத்தோடு குறித்து வைத்தேன். இடையில் ஒரு நாள் போர்ட் கொச்சிப் படகுத்துறையில் அவரை யாரோ இரண்டு பேரோடு பார்த்தேன். பேன்ட் போட்டவர்கள், கையில் வரைபடம்போல ஒரு சுருள். ஹோட்டல்காரர்களா, ஆராய்ச்சிக்காரர்களா என்று தெரியவில்லை. அதையும் குறித்தேன். பாரை மூடிவிட்டு அங்கே சுற்றுலாக்காரர்களை முக்குளிக்க விடப்போகிறார்கள் என்று சந்தில் ஒரு பேச்சு இருந்தது. நான் நம்பவில்லை. நம்பாமலும் இல்லை.

சனிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு வாட்ஸாப்பில் வரைவு வந்தது. ஆங்கிலம், இருபது பக்கம். எழுதியது டீச்சர் அல்ல, அவருக்குத் தெரிந்த சில நிபுணர்கள் என்று கீழே இருந்தது. பதினோராம் பக்கம் வரை மீன், பவளம், நீரோட்டம். அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு வரி. தமிழில் சொன்னால் இப்படி வரும்: தற்போது அங்கே மீன்பிடிப்பவர்களை முதல் மறுஆய்வு வரை அனுமதிக்கலாம்.

'வரை'. 'அனுமதிக்கலாம்'. மூன்று முறை படித்தேன். உரிமை என்ற சொல் இருபது பக்கத்திலும் இல்லை. டீச்சர் மலையாளத்தில் எழுதியதைத் தமிழாக்கியபோது நான் தவறு செய்தேன். ஆனால் ஆங்கிலத்தில் இருப்பதற்கு அந்தத் தவறுதான் சரியான தமிழ்.

டீச்சரைக் கடைக்கு வரச் சொன்னேன். மதியம் வந்தார். பதினோராம் பக்கத்தை அச்செடுத்து முன்னால் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"ஞான் இதிங்ஙனெயல்ல வாயிச்சது," என்றார். இப்படி வாசிக்கவில்லையாம்.

"வேறு எப்படி வாசிக்க முடியும், டீச்சர்?"

"ரிவ்யூ வந்நால் ஆரு அவரெ ஓடிக்கான்? எழுதியவர் நல்லவராணு சேச்சி." மறுஆய்வு வந்தால் மட்டும் அவர்களை யார் விரட்டப்போகிறார்கள் என்கிறார்.

"நல்லவர்கள் மாற்றலாகிப் போவார்கள். காகிதம் அங்கேயே இருக்கும்."

டீச்சருக்குக் கோபம் வந்தது. நான் பேசுவது தமிழ், அவர் பேசுவது மலையாளம், இரண்டு பேருக்கும் எல்லாம் புரிந்தது. இதை இப்போது கூட்டத்தில் சொன்னால் ஒருவரும் கையெழுத்துப் போடமாட்டார்கள் என்றார். தடைக்காலம் முடிந்தால் விசைப்படகுகள் திரும்ப வரும், இன்னும் இரண்டு சீசனில் பார் வெறும் சேறாகிவிடும், அதற்குப் பிறகு அந்த மனுஷனுக்குத் தூண்டில் போட உரிமை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்றார். கடைசியாக, "சேச்சி ஆர்க்கு வேண்டியாணு இதொக்கெ எழுதி வைக்குந்நது?" என்று என் நோட்டுப் புத்தகத்தைக் காட்டிக் கேட்டார். விசைப்படகுக்காரர்கள் யாரோ என்னை அமர்த்தியிருப்பதாக அவருக்கு ஒரு எண்ணம் இருந்திருக்கிறது. ஒருவரை ஒருவர் வேவு பார்த்துக்கொண்டே ஒரே ஆட்டோவில் போயிருக்கிறோம்.

அந்த வரியை அவர் உண்மையிலேயே பார்க்கவில்லையா, பார்த்து மறைத்தாரா? அன்றைய டைரியில் 'தெரியாது' என்று இருக்கிறது. அடுத்த நாள் பக்கத்தில் 'தெரிந்திருக்கும்' என்று இருக்கிறது. இரண்டையும் அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

கூட்டம் அந்த அடுத்த நாள்தான், ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு, இடக்கொச்சி பக்கம் ஒரு வாயனசாலையில். வாசகசாலையைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். பத்திரிகை மேஜையை ஓரமாகத் தள்ளிவிட்டு பெஞ்சு போட்டிருந்தார்கள். முப்பது பேருக்குக் கொஞ்சம் மேலே. தமிழ்க்காரர்கள் கதவுப் பக்கமாகவே நின்றார்கள், எழுந்து போக வசதியாக. டீச்சர் மீன்குஞ்சு, பவளம் எல்லாம் படம் காட்டிப் பேசினார். நன்றாகத்தான் பேசினார். பிறகு நான் எழுந்து, நோட்டீஸில் வந்த என் பிழையைச் சொன்னேன். சொல்லிவிட்டு, பதினோராம் பக்கத்து வரியை மலையாளத்திலும் தமிழிலும் படித்தேன்.

கொஞ்ச நேரம் யார் என்ன சொல்கிறார்கள் என்றே தெரியவில்லை.

"அப்ப ஆட்டோவுல சொன்னதுதான் நெசமா?"

"சேச்சி ஏது பார்ட்டியா?"

"அந்த நோட்டுல என்னத்த எழுதி யாருக்குக் குடுக்குறீங்க, அதை முதல்ல படிங்க!"

படித்தேன். 'மூன்றரைக்கும் நாலேகாலுக்கும் இடையில் பதினொன்று திரும்பி வந்தது' என்பதுவரை படித்ததும் பின்னாலிருந்து ஒருவர், "விடுங்கடா, இது லூசு, உளவு இல்ல," என்றார். அதில்தான் சிரிப்பு வந்து சத்தம் அடங்கியது.

அப்போது மீன் விற்கிறவளின் புருஷன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மெலிந்த மனிதர், பேச்சும் மெல்ல.

"நான் தூண்டில்ல கட்டின ஈயத்தை இறக்கினா முன்னெல்லாம் டக்குனு கல்லுல தட்டும். கைக்குத் தெரியும். இப்ப பல இடத்துல சத்தமே இல்லாமப் பொதைஞ்சு போகுது. மேல எடுத்தா சேறு. டீச்சர் சொல்றது பொய்யில்ல. பாரை மூடணும். இழுவைமடிக்கு மூடணும். எனக்கு மூடக்கூடாது."

"உனக்கு மட்டும் தனிக் கடலா அண்ணே?" என்றார் விசைப்படகில் வேலை செய்கிற ஒருவர்.

"ஒரு தூண்டிலுக்கு ஒரு மீனுடா தம்பி. நீ முட்டையோட, பாயோட சுருட்டிக்கிட்டுப் போற."

அவர் உட்காரும் முன்பே டீச்சர் கையெழுத்துத் தாள்களை எடுத்துவிட்டார். ஒவ்வொன்றிலும் வரிசை எண், பெயர், ஊர், கையெழுத்து என்று கட்டம். அடித்துக் கொடுத்தது நான்தான். முதல் தாள் கதவுப் பக்கம் போனதும் மீன்காரி அதைப் பிடுங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"மேல ஒண்ணுமே எழுதலையே?"

"மனு தனியாக இருக்கிறதும்மா," என்றேன்.

"அதான் கேக்குறேன். மனு தனியா, பேரு தனியான்னா, இந்தப் பேரை எந்த மனுவுக்குப் பின்னாடி வேணாலும் வச்சுக் குத்தலாமே."

இருபத்திரண்டு வருஷமாக இந்த மாதிரித் தாள்களை அடித்துக் கொடுத்திருக்கிறேன். எத்தனையோ கோரிக்கைகள், எத்தனையோ கையெழுத்துகள். மேலே ஏன் காலியாக இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. எனக்கும் தோன்றியதில்லை.

ஒவ்வொரு தாளின் தலையிலும் நிபந்தனையை எழுதவேண்டும், அந்த வரி இல்லாத தாள் செல்லாது என்று முடிவாயிற்று. என்ன எழுதுவது? டீச்சர் மலையாளத்தில் சொல்லிப் பார்த்தார். அதில் அவகாசம் வந்தது. வராமல் அந்த மொழியில் உரிமையைச் சொல்வது கஷ்டம்.

"அந்தச் சொல்லே வேணாம்," என்றாள் மீன்காரி.

"மலையாளத்தில் அதுக்கு நல்ல அர்த்தம்மா."

"இருக்கட்டும். படிக்கிறவன் எந்த பாஷைக்காரன்னு நமக்குத் தெரியுமா?"

எந்தப் பெரிய சொல்லும் இல்லாமல் எழுதினோம். "இந்தப் பாரில் நாங்கள் தூண்டில் போடுவதை யாரும் எப்போதும் தடுக்கக் கூடாது. இதற்குச் சம்மதித்தால் மட்டுமே கீழே உள்ள கையெழுத்து." பிரிண்டர் இல்லாததால் கையால்தான் எழுதவேண்டியிருந்தது. தமிழ் வரியை நான் எழுதினேன், மலையாள வரியை டீச்சர். பத்திரிகை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து, கூட்டத்துக்கு வராதவர்களுக்கும் சேர்த்துப் பதினாறு தாள்.  டீச்சரின் எழுத்து பள்ளிக்கூடக் கரும்பலகையில் வருவதுபோல அத்தனை தெளிவாக இருந்தது. டீச்சர் எழுதிய முதல் தாளை மீன்காரி எடுத்துக்கொண்டு போய், விசைப்படகில் வேலை செய்கிற அந்த ஆளிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னாள். "நீ எதிராளி, நீ பொய் சொல்லமாட்ட," என்றாள். மலையாளம் படிக்கத் தெரிந்த அவர் சிரித்துக்கொண்டே படித்துத் தமிழில் சொன்னார். நான் எழுதியதும் அதுவும் ஒன்றாகவே இருந்தன.

புருஷன் கையெழுத்துப் போட்டார். அவள் கடைசியில் போட்டாள். போட்டுவிட்டு, தன் பெயருக்குக் கீழே காலியாக இருந்த கட்டங்களுக்கு ஸ்கேல் இல்லாமல் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்.

மனுவை டீச்சரும் நானும் வியாழக்கிழமை மீன்வளத் துறை அலுவலகத்தில் கொடுத்து, எங்கள் பிரதியில் முத்திரை வாங்கினோம். பதினோராம் பக்கத்தை மாற்றும்படி நிபுணர்களுக்கு எழுதியிருப்பதாக டீச்சர் சொன்னார். கடிதத்தின் நகலைக் கேட்டேன். இந்த முறை அன்றைக்கே வந்தது. இப்போதும் நாங்கள் வாரம் ஒருமுறை பள்ளிக்கூடங்களுக்குப் போகிறோம், டீக்கடைகளில் பேசுகிறோம். ஆட்டோவில் இப்போது என் குரல் இல்லை, மீன்காரியின் குரல். தாள்தலையில் எழுதிய அந்த இரண்டு வாக்கியத்தை அவள் திட்டுகிற தோரணையில் சொல்வாள்.

அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்தது விருச்சிக மாதத்தில், அதாவது கார்த்திகையில், ஒரு திங்கள்கிழமை. பாரைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக்குவது பற்றி மக்களின் கருத்தைக் கேட்கப்போகிறார்கள், ஆட்சேபம் உள்ளவர்கள் நேரில் வரலாம். மலையாளத்தில் ஒரு பக்கம். மீன்காரி அதைக் கொண்டுவந்து படிக்கச் சொன்னாள். வரி வரியாகத் தமிழில் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, தாளை வாங்கிக்கொண்டு தெருமுனை மருந்துக்கடைக்குப் போனாள். கால்மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணைத்தான் சொல்றீங்க," என்றாள். எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

"நம்ம வரி இதுல இருக்கா அக்கா?"

"இல்லை."

"மருந்துக்கடைக்காரரும் இல்லைன்னுதான் சொன்னாரு." தாளை நாலாக மடித்தாள். "கருத்துக் கேக்குற அன்னைக்கு எங்க வீட்டுக்காரரு கடலுக்குப் போக மாட்டாரு. நானும் கூடை எடுக்க மாட்டேன். நீங்க கடையைப் பூட்டிட்டு வாங்க. டீச்சரையும் கூப்பிட்டுக்கங்க, ஆனா முதல்ல நாமதான் பேசணும். முத்திரை வச்ச தாளெல்லாம் உங்ககிட்டதானே இருக்கு? எனக்கு ஒரு நகல் குடுங்க."

பதினாறு தாளையும் நகலெடுத்தேன். அவள் ஒவ்வொன்றாக வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஏழாவது தாளில் மேல் ஓரம் இயந்திரத்தில் கொஞ்சம் வெட்டுப்பட்டு, 'யாரும் எப்போதும்' என்பதில் பாதிதான் விழுந்திருந்தது. அதை மட்டும் தனியாக எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"இதை மறுபடி எடுங்க."